இடது வரிசை

ஜனவரி 19, ஞாயிறு

பயிற்சியில் கொடுத்த நோட்டு இது. அட்டையில் 'புழு வளர்ப்புப் பதிவேடு' என்று அச்சடித்திருக்கிறார்கள். தினமும் வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எத்தனை மணிக்கு இலை போட்டது என்று கட்டத்தில் எழுத வேண்டுமாம். என் மனைவி மகுடிக்கு அதற்கு நேரம் இல்லை. பத்தாவது படித்தவன் என்று எனக்கொரு பேர் இருப்பதால் வேலை என் தலையில் விழுந்தது. கட்டத்துக்கு எதிர்ப்பக்கம் வெறுமனே கிடக்கிறது. அதில் மனசில் வருவதை எழுதுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

முதல் பக்கத்தில் கேட்டதையெல்லாம் நிரப்பிவிட்டேன். விவசாயி பெயர்: தண்டபாணி. வயது: 46. ஊர்: வேடசந்தூர் பக்கம். பரப்பு: ஒரு ஏக்கர் மல்பெரி. முன்பு செய்த பயிர்: புகையிலை. 'புதிய தொழிலுக்கு மாறக் காரணம்' என்று ஒரு வரி விட்டிருந்தார்கள். 'மனைவி' என்று எழுதினேன். மகுடி பார்த்துவிட்டு அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை, உண்மைதானே.

மகுடீஸ்வரி பதினொரு வருஷம் நூல் மில்லுக்குப் போனவள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. இனிமேலும் போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்றே பட்டுப்புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்கு இஷ்டமில்லை. இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்கும் ஜாதகம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அண்ணன் திருமலைசாமிக்கு அதைவிட இஷ்டமில்லை. நிலம் பொது, சொல் அவருடையது. கடைசியில் கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரை ஒரே ஒரு தடவைக்கு என்று விட்டார். நன்றாக வந்தால் தொடரலாம். வராவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி புகையிலை, மகுடி பழையபடி மில். இதையும் அவளிடம் நேராகச் சொல்லவில்லை. தம்பி மனைவியிடம் அவர் பேசியதே இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. அவள் இரண்டடி தள்ளி நிற்க, என்னைப் பார்த்துச் சொன்னார்.

நாளை புழு வருகிறது. ஷெட் முழுக்க பிளீச்சிங் பவுடர் வாடை. முதுகு விட்டுப்போகிறது.

ஜனவரி 20, திங்கள்

காலை ஏழு மணிக்குக் குஞ்சுப் புழுக்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாற்பதாயிரம் இருக்குமாம். எண்ணிப் பார்க்கவா முடியும்! அரிசி நீளம்தான் ஒவ்வொன்றும். ஷெட்டில் இரண்டு வரிசை அடுக்கு போட்டிருக்கிறோம். இடது வரிசை என் பொறுப்பு, வலது வரிசை மகுடியுடையது. அவளே பிரித்துக் கொடுத்தாள்.

வாசலில் சாக்பீஸால் எழுதியும் வைத்திருக்கிறாள். செருப்பு கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடாது, கொசுவத்தி கூடாது, புகையிலை கூடவே கூடாது. கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு. அது எனக்கு. ஆடி மாசம் செடி நட்ட அன்றைக்கு நான் வாயில் போடுவதை விட்டேன். ஆறு மாசமாகிறது. அண்ணன் இன்னமும் என்னைப் பார்த்தால் பொட்டலத்தை நீட்டிவிட்டு, "மறந்துட்டேன்டா" என்று சிரிக்கிறார்.

ஜனவரி 22, புதன்

ஆறு மணிக்கு ஒரு தீனி, இரண்டு மணிக்கு ஒரு தீனி, எட்டு மணிக்கு ஒரு தீனி. நடுவில் நாமும் சாப்பிட வேண்டும் என்பதை யாரும் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

புழுக்கள் தூங்குகின்றன. தோல் உரிக்கும் முன் ஒரு நாள் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்குமாம். யாரும் தொடக்கூடாது. சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டு நானும் படுத்தேன். மூன்று மாசத்தில் இன்றுதான் பகலில் தூங்கினேன். மகுடி தூங்கவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்தால் மட்டும் வெளியே வந்து இருமிவிட்டுப் போனாள்.

ஜனவரி 28, செவ்வாய்

இரண்டாவது தடவையாகத் தூங்கப் போகின்றன. எழுந்தால் கடைசிப் பருவம், எட்டு நாள் அசுரத் தீனி. வெட்டிய தழை வாடாமல் இருக்க நனைத்த சாக்கைப் போட்டு மூட வேண்டும்.

"ஏங்க, நம்மகிட்ட சுத்தமான சாக்கு நாலுதான் இருக்குது. சந்தைக்குப் போயி புதுசா பத்து வாங்கியாந்துருங்க."

"வாங்கிக்கலாம்."

"வாங்கிக்கலாம்னா எப்ப?"

"எந்திரிக்கட்டுமே, புழு."

இன்று சந்தை. போகவில்லை. கால் இரண்டும் என்னுடையவை போலவே இல்லை.

பிப்ரவரி 1, சனி

எழுந்துவிட்டன. விரல் பருமன் ஆகிக்கொண்டு வருகின்றன. தழையைப் போட்டால், கல்யாணப் பந்தியில் நூறு பேர் ஒரே நேரத்தில் அப்பளம் நொறுக்குவது போலச் சத்தம். மகுடி வாசலில் நின்று அதைக் கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள். என்னதான் பிடிக்காத தொழில் என்றாலும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுதிவைத்தால் தப்பில்லை.

அண்ணன் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பரவால்லையே" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

பிப்ரவரி 2, ஞாயிறு

வெப்பம் 27, ஈரம் குறைவு. வெயில் சுருக்கென்று இருந்தது. காலையிலிருந்து நான் இடது வரிசைக்கும் அவள் வலது வரிசைக்கும் வெட்டினோம். அவளுடைய தழையை நாலு சாக்கும் மூடிக்கொண்டன. என் தழை திறந்து கிடந்து வாட ஆரம்பித்தது. வேடசந்தூர் போய்வர இரண்டு மணி நேரம் ஆகும், சந்தையும் இல்லை. அண்ணன் கொட்டகை கூப்பிடு தூரம். அங்கே அடுக்கியிருந்ததில் பத்தை எடுத்துவந்தேன். நல்ல கெட்டிச் சாக்குகள். இரண்டு தட்டு தட்டி, தொட்டியில் முக்கி, தழையின் மேல் போட்டேன். மாலை வரை பச்சைப் பசேலென்று இருந்தது. இரண்டு மணிக்கும் எட்டு மணிக்கும் அதையே போட்டேன்.

மகுடி சாக்கை உற்றுப் பார்க்கவில்லை. "பத்தும் வாங்கிட்டீங்களா?" என்றாள் போகிற போக்கில். தலையை ஆட்டினேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆறு மணித் தீனிக்குப் போனபோது இடது வரிசைப் புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. தழையைத் தொடவில்லை. வாயிலிருந்து பச்சையாகத் தண்ணீர் வழிந்தது. மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு எல்லாவற்றிலும் அப்படித்தான். வலது வரிசை எப்போதும்போல நொறுக்கிக்கொண்டிருந்தது.

மகுடி ஜன்னல்களைத் திறந்தாள். பழைய தழையை வாரி வெளியே போட்டாள். புதுத் தழையைக் கையாலேயே ஒவ்வொன்றின் முன்னாலும் வைத்தாள். குழந்தைக்கு ஊட்டுவது போல வைத்துக்கொண்டே போனாள். மத்தியானத்துக்குள் பாதி புழுக்கள் சுருங்கிவிட்டன.

பிப்ரவரி 4, செவ்வாய்

இடது வரிசையில் பத்தில் எட்டு போய்விட்டன. கூடையில் அள்ளி, தோட்டத்து மூலையில் குழி வெட்டிப் புதைத்தேன். ஐந்து கூடை.

எதனால் என்று சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் அதிகம். தழை ஈரமாக இருந்திருக்கலாம். இடது பக்கச் சுவரில் மேற்கு வெயில் படுகிறது. கண்ணேறும் ஒரு காரணம்தான், சனிக்கிழமை அண்ணன் 'பரவால்லையே' என்று வேறு சொன்னார். எறும்பாகவும் இருக்கலாம்.

ஒன்றை எழுதத்தான் வேண்டும். குழியை மூடும்போது, 'நான்தான் அன்றைக்கே சொன்னேனே' என்று மனசுக்குள் ஒன்று எட்டிப் பார்த்தது. அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. சீ என்றாகிவிட்டது எனக்கு.

பிப்ரவரி 5, புதன்

மகுடி தழை வெட்டப் போன நேரத்தில் அந்தப் பத்துச் சாக்குகளையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் துவைத்தேன். சோப்புப் போட்டு மூன்று தடவை. தண்ணீர் டீ நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. காயவைத்து அண்ணன் கொட்டகையில் இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டேன். எடுத்த பொருளைச் சுத்தமாகத் திருப்பி வைப்பது நல்ல பழக்கம்.

பிப்ரவரி 6, வியாழன்

பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து ஆய்வாளர் அம்மா வந்தார். நாமக்கல் பக்கம், சின்ன வயசு. வாசலில் செருப்பை விட்டு உள்ளே காலை வைத்தவுடனே மூக்கைச் சுளித்தார்.

"இங்க யாரு புகையிலை போடறது?"

"யாருமில்லீங்க மேடம். இவரு விட்டு ஆறு மாசமாச்சு" என்றாள் மகுடி.

"வாசம் வருதே."

"எங்களுக்குத் தெரியலீங்க மேடம். பொறந்ததுல இருந்து இந்த வாசத்துலயே கெடக்கறோம். மூக்கு மரத்துப்போச்சு."

மேடம் அடுக்கில் மிச்சம் கிடந்த செத்த புழுக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நோய் இல்லை என்றார். தலையை ஆட்டுவதும் பச்சையாகக் கக்குவதும் புகையிலை விஷத்தின் அடையாளமாம். கை, துணி, காற்று எது வழியாகவும் வரலாமாம். பக்கத்தில் புகையிலைக் காடு எவ்வளவு தூரம் என்று கேட்டார். மகுடி கையைக் காட்டினாள். வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் காடு, ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மேடம் 'ம்' என்றார்.

"பதிவேடு எழுதறீங்களா? குடுங்க, பாக்கறேன்."

"வீட்ல இருக்குதுங்க" என்றேன். நோட்டு என் இடுப்பில்தான் இருந்தது.

பிப்ரவரி 8, சனி

வலது வரிசைப் புழுக்கள் பழுத்துவிட்டன. மஞ்சளாக, கண்ணாடி போல. பிளாஸ்டிக் வலைகளில் எடுத்து விட்டோம். விட்டவுடனே தலையை எட்டுப் போட்டுப் போட்டு நூல் விடுகின்றன. இடது வரிசையில் பிழைத்த கொஞ்சமும் கூடவே ஏறிவிட்டன.

மகுடி மத்தியானச் சாப்பாட்டின்போது, "காட்டுக்கு மேக்கால கோ-நாலு மாட்டுப்புல்லு ஒசரமா நட்டுட்டா காத்த மறிக்கும்ல?" என்று கேட்டாள். மறிக்கும் என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கூடு அறுவடை. வெள்ளை வெளேரென்று, காதருகே ஆட்டினால் உள்ளே கூட்டுப்புழு உருளும் சத்தம் கேட்டது. பட்டுக்கூடு அங்காடியில் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா? நம்பவே முடியலை" என்றாராம். மகுடி திரும்பி வந்து இதை மூன்று தடவை சொன்னாள். பாதிதான் என்றாலும் முதல் தரம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் அண்ணன் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மகுடி கதவோரம் நின்றாள். அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"பாணி, பாத்தாச்சுல்ல. பாதி பொழைக்கும் பாதி சாகும்கிற வேல நமக்கு எதுக்குடா? செடியப் புடுங்கி உழுது போட்ருவோம். ஐப்பசில நாத்து விட்டுக்கலாம். மில்லு மேஸ்திரிகிட்டப் பேசிட்டேன். மாசக் கடைசி வரைக்கும் எடம் இருக்குதாம். உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லீரு."

நான் சொல்வதற்குள் மகுடி கதவைத் தாண்டி வந்துவிட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசியது இன்றைக்குத்தான்.

"பெரிய மாமா, புழுவுக்கு ஒண்ணும் கொறையில்லீங்க. பொகையில வெசம்னு மேடம் சொன்னாங்க. உங்க காடு வரப்ப ஒட்டி நிக்குது. காத்துல வந்துருக்கும். நடுவுல புல்லு நட்டுட்டா அடுத்த தடவ..."

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அப்போதும் அவளைப் பார்க்கவில்லை.

"என்ரா சொல்றா இவ? எம்பயிரு வெசமா? உன்னையும் என்னையும் வளத்துனது அந்த வெசந்தான்டா. தோத்துப்போனா தோத்தேன்னு சொல்லோணும். புதுசு புதுசுன்னு குதிச்சுப்போட்டு, கவுந்ததும் அடுத்தவங் காட்டக் காட்டறதா?"

"குத்தம் சொல்லலீங்க மாமா..."

"பாணி, அவள உள்ள போகச் சொல்லு."

அவள் போகவில்லை. என்னைப் பார்த்தாள். நானாவது ஒரு வார்த்தை அவள் பக்கம் பேசுவேன் என்று பார்த்தாள். அவள் சொன்ன காரணம் தப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும். செடி போகும், அவள் மில்லுக்குப் போவாள், புதுசாக ஒன்றைத் தொட்டால் இப்படித்தான் ஆகும் என்று ஊரும் பேசிவிட்டு மறந்துவிடும். நானும் நிம்மதியாகப் படுக்கலாம். அந்த நிம்மதி அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"அண்ணா, உன் காட்டுக் காத்தில்ல" என்றேன். "உன் கொட்டகைச் சாக்கு. நான்தான் எடுத்தாந்து நனைச்சுத் தழை மேல போட்டேன். புதுசு வாங்கச் சொன்னா. நான் போகலை."



"தெரியாமப் போட்டியா?" என்றார் அண்ணன்.

"போடறப்ப யோசிக்கலை. அடுத்த நாள் தெரிஞ்சுது. அஞ்சாந்தேதி எடுத்துட்டுப்போயித் தொவச்சுப் போட்டுட்டேன்."

மகுடி வாயைத் திறந்தாள். "தொவச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சாக்கைப் போட்டதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. துவைத்ததைத்தான் கேட்டாள். எட்டு நாளாக அவள் புல் நடுவதைப் பற்றிப் பேசப் பேச, நான் 'மறிக்கும்' என்று சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு அந்த நிமிஷம் புரிந்திருக்க வேண்டும். ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணன் எழுந்து துண்டை உதறினார். "சரி, இன்னொருக்கா வெச்சுப் பாக்கட்டும். ஆனா அதுவரைக்கும் வீட்டுச் செலவுக்கு எங்கிட்ட வந்து நிக்கப்படாது" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "தொவைக்கறதுக்குப் பதிலா அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார். அவருக்கே என்மேல் இரக்கம் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

பேசவில்லை. சாப்பாடு போட்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பேசவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

செடிகளை அடியோடு கவாத்து பண்ணிவிட்டாள். நான் ஒரு வரிசை வெட்டுவதற்குள் அவள் மூன்று வரிசை முடித்தாள். வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்து நாளுக்குப் பிறகு பேசினாள்.

"ஏப்ரல் கடைசியில தழை வந்துரும். அடுத்த புழுவுக்குச் சொல்லிட்டேன். அதுவரைக்கும் வீடு ஓடோணும். மில்லுல எடம் இருக்குதுல்ல, நீங்க போங்க."

"நானா?"

"பின்ன நானா?"

"எனக்கு அதுல என்ன தெரியும் மகுடி? நாப்பத்தாறு வயசுல போயிப் புதுசா..."

"எனக்கு மட்டும் புழு தெரிஞ்சா இருந்துச்சு? கத்துக்கிட்டேன். நீங்களும் கத்துக்கோங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அலுத்துப்போன குரலில் சொன்னாள்.

பிப்ரவரி 26, புதன்

மேஸ்திரியைப் பார்த்தேன். கழிவுப் பஞ்சு கூட்டும் பிரிவில் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை வரச் சொன்னார். பயமாக இருக்கிறது. இந்த வயசில் இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 3, திங்கள்

காலை ஐந்தேகாலுக்கு மில் வேன் வந்தது. மகுடி டப்பாவைக் கையில் கொடுத்து, மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணியும் கொடுத்தாள். வேனில் ஏறினால் எல்லாம் பெண்கள். பேச்சு சட்டென்று நின்றது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மகுடி வூட்டுக்காரருங்களா? அந்த ஜன்னலோரம் அவ எடந்தான். உக்காருங்க" என்றாள் ஒரு பெரிய பெண்மணி. பெயர் லோகாம்பாளாம்.

உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் லோகாம்பாள் திரும்பினாள்.

"அவ வர்றப்பெல்லாம் புழுப் பேச்சுத்தாங்க. எங்கியோ போயிப் பாத்துட்டு வந்து எங்களுக்குக் கத கதயாச் சொல்லுவா. மூணு வருசமாச் சொல்லிக்கிட்டே இருந்தா."

மூன்று வருஷம். என்னிடம் போன வருஷம்தான் சொன்னாள். அதற்கு முன் இரண்டு வருஷம் இந்த வேனில் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"நாங்க ஆறு பேரு, அவளுக்கு நல்லா வந்தா நாமளும் ஆளுக்குக் கொஞ்சம் வெச்சுப் பாக்கலாம்னு இருந்தமுங்க. எல்லாருக்கும் நெஞ்சு இதே கததான். பொறவு பாதி செத்துப்போச்சுன்னாங்க. அதோட விட்டுட்டோம். இருக்கற பொழப்பே போதும்னு ஆயிப்போச்சு. தெரியாத வேலைல எறங்குனா அப்புடித்தானுங்களே?"

வேனில் இருந்த எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதைக் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அண்ணனிடம் சொன்னது வீட்டுக்குள் முடிந்த விஷயம். இங்கே சொன்னால் சாயங்காலத்துக்குள் நாலு ஊருக்குத் தெரியும்.

"புழு தானா சாகலீங்க" என்றேன். "நான்தான் கொன்னேன். பொகையில வெச்ச சாக்க நனைச்சுத் தழை மேல போட்டேன். அவ பாத்த வரிசையில ஒண்ணுகூடச் சாகலை. அங்காடியில மொதத் தரம்னு சொல்லி எடுத்துக்கிட்டாங்க."

யாரோ பின்னால் 'அடப்பாவி' என்றாள். சரியாகத்தான் சொன்னாள். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என் முகம் எரிந்தது. வேன் ஒரு மேடு ஏறி இறங்கியது.

பிறகு லோகாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பிடீன்னா, சாக்கு மட்டும் புதுசா வாங்கிட்டா போதுங்களா?"

"போதும்" என்றேன். "மத்ததெல்லாம் அவகிட்டக் கேட்டுக்குங்க. எனக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரும் வருகிறார்களாம். மகுடியிடம் இன்னும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது மேடம் காற்றையும் சொன்னாரே என்று வரப்போரம் புல் நட்டுக்கொண்டிருந்தாள். கை கால் கழுவிவிட்டுச் சொல்ல வேண்டும்.